பழைய மின்கார் பேட்டரி, மேலே ஒரு க்யூஆர்: அந்த 86 சதவீதத்தை நம்பலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து ஒரு சகோதரர் கேட்டிருக்கிறார். 2023-ல் லோட்ஷெடிங் (முறை வைத்த மின்வெட்டு) மோசமாக இருந்தபோது வாங்கிய லெட் ஆசிட் பேட்டரிகள் படுத்துவிட்டனவாம். இப்போது ஒருவர், பழைய மின்கார் பேட்டரியைப் பிரித்துக் கட்டிய 7 கிலோவாட் மணி வீட்டு பேட்டரியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் க்யூஆரை ஸ்கேன் செய்தால் ‘ஆரோக்கியம் 86 சதவீதம்’ என்று வருகிறது, அதாவது புதிதில் தாங்கியதில் 86 சதவீதம் இப்போதும் தாங்குமாம். பிளாக்செயினில் (பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் பதிவேட்டில்) பதிவானது, யாராலும் மாற்ற முடியாது என்றும் வருகிறது. பேட்டரி பாஸ்போர்ட் (பேட்டரியின் விவரங்களைச் சொல்லும் டிஜிட்டல் பதிவு), செயற்கை நுண்ணறிவு என்று பேசுகிறார்களே, இவையெல்லாம் பேட்டரி குப்பைக்குப் போகாமல் திரும்பத் திரும்பப் பயன்பட உதவுமா, அல்லது விற்பதற்கான பேச்சா என்பது அவர் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: முன்பின் தெரியாத ஒருவர் பதிந்து வைத்த எண்ணை நம்பி, பிள்ளைகள் தூங்கும் வீட்டில் ஒரு பேட்டரியை வைக்கலாமா? நான் முதலில் அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. அம்பத்தூரில் லெட் ஆசிட் பேட்டரித் தொழிற்சாலையில் ஆறு வருடம், டர்பனில் பதினான்கு வருடமாக லித்தியம் பேட்டரிகளைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். சுரங்கத்தில் வேலை பார்த்ததில்லை, மென்பொருள் எழுதுபவனும் இல்லை. ஆகவே பேட்டரி என் மேசைக்கு வந்த பிறகு நடப்பதை உறுதியாகச் சொல்வேன். அதற்கு முன்னால் நடப்பதைப் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்ட அளவுக்குத்தான் சொல்ல முடியும்.

மாற்ற முடியாத பதிவு என்பதும் உண்மையான பதிவு என்பதும் ஒன்றில்லை. பிளாக்செயின் செய்வது ஒரு காரியம்தான்: பதிந்ததைப் பிற்பாடு யாரும் ரகசியமாகத் திருத்த விடாது. பதிந்தவர் சரியாக அளந்தாரா, அளந்த பொருளும் உங்கள் முன் இருக்கும் பொருளும் ஒன்றுதானா என்பது அதற்குத் தெரியாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

போன வருடம் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஒரு அக்கா வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். அவரும் இதே மாதிரி ஒரு பெட்டிதான் வாங்கியிருந்தார். முதல் தலைமுறை நிஸான் லீஃப் மின்காரின் மாட்யூல்கள் (சில செல்கள் அடங்கிய சிறு பெட்டிகள்), ஏழு, வரிசையாக இணைத்திருந்தார்கள். ஒட்டியிருந்த க்யூஆர் 84 சதவீதம் என்றது. ஆனால் மின்சாரம் போய் ஃபிரிட்ஜும் நாலு விளக்கும் டிவியும் ஓடினால், கணக்குப்படி ஓட வேண்டிய நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு போவதற்குள் அணைந்துவிடுகிறது என்றார். கராஜில் வைத்து மூடியைத் திறந்தேன். ஆறு மாட்யூல்களில் நீல மார்க்கரில் எண் எழுதியிருந்தது. ஏழாவதில் சிவப்பு மார்க்கர்.

அங்கேயே பாதி புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக முழுதும் சார்ஜ் செய்து, ஒரே அளவு மின்னோட்டத்தில் இறக்கி அளந்தேன். அதற்கே ஒரு வாரம் மாலை நேரம் போனது. புதிதாக இருக்கும்போது அந்த மாட்யூல் 66 ஆம்பியர் மணி தரும். நீல மார்க்கர் மாட்யூல்கள் ஆறும் 53-லிருந்து 55 வரை தந்தன, அதாவது 80 சதவீதத்துக்கு மேல். சிவப்பு மார்க்கர் மாட்யூல் 37 தந்தது, 56 சதவீதம். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நொண்டினால் மற்ற மாடு எவ்வளவு பலமாக இருந்து என்ன? வரிசையில் இணைத்த பேட்டரியும் அப்படித்தான். மெலிந்தது தீர்ந்ததும் மொத்தமும் நின்றுவிடும். ஆக அந்தப் பெட்டியின் உண்மையான ஆரோக்கியம் 56.

விற்றவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 84 எங்கிருந்து வந்தது தெரியுமா? பேட்டரி முழுதாகக் காருக்குள் இருந்தபோது காரின் கணினி காட்டிய எண் அது. லீஃப் பேட்டரியில் 48 மாட்யூல்கள். பதிவு முழு பேட்டரியின் பெயரில் ஒன்றுதான். பிரித்துப் போட்ட அடுத்த நிமிடம் 48 பிள்ளைகளும் பெயரில்லாத பிள்ளைகள் ஆகிவிடுகிறார்கள். எங்கோ ஒரு கிடங்கில் இரண்டு கார்களின் மாட்யூல்கள் கலந்துவிட்டன. பதிவு அப்படியே பத்திரமாக இருந்தது, பொருள்தான் மாறிவிட்டது.

இனி, இன்றைக்கு எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது இது: ஒரு பேட்டரி இப்போது எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்பதை முழு சார்ஜ், முழு டிஸ்சார்ஜ் செய்து அளந்தால் ஐயமில்லாமல் சொல்லிவிடலாம். இதற்கு எந்தப் புதிய தொழில்நுட்பமும் வேண்டாம், பொறுமை வேண்டும். அந்தப் பொறுமைக்குத்தான் காசு அதிகம். நிஸானும் சுமிட்டோமோவும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய 4ஆர் எனர்ஜி என்ற நிறுவனம், 2018-ல் ஜப்பானில் ஃபுகுஷிமா மாகாணத்து நாமியே ஊரில், பழைய லீஃப் பேட்டரிகளைத் தரம் பிரிக்கும் ஆலையைத் திறந்தது. ஆரம்பத்தில் ஒரு பேட்டரியின் 48 மாட்யூல்களையும் அளக்க 16 நாள் ஆனதாம். பிறகு அதை 4 மணி நேரத்துக்குக் கொண்டுவந்தார்கள். டிஜிட்டல் தொழில்நுட்பம் இந்தத் துறைக்கு என்ன செய்திருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். 16 நாள் அளந்தால் பழைய பேட்டரிக்கு ஆகும் செலவு புதியதின் விலையைத் தொட்டுவிடும். 4 மணி நேரம் என்றால் வியாபாரம் நடக்கும், பேட்டரிக்கு இரண்டாவது வாழ்வு கிடைக்கும்.

வேகமாக அளக்கும் முறைகளில் ஒன்று, வெவ்வேறு அதிர்வெண்களில் மெல்லிய மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி பேட்டரி எப்படித் தடுக்கிறது என்று பார்ப்பது. வைத்தியர் நாடி பிடிப்பது மாதிரி. சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால் பேட்டரியின் வெப்பநிலையும், அதில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதும் மாறினால் நாடியும் மாறும். பிப்ரவரி மாத டர்பன் புழுக்கத்தில் ஒரு கராஜில் எடுத்த அளவையும் ஜூலைக் குளிரில் ஜோகன்னஸ்பர்க்கில் எடுத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. அதனால்தான் வெப்பநிலை எழுதாத சோதனைத் தாளை நான் கையில் வாங்குவதே இல்லை.

சந்தேகமானது எதிர்காலம். இந்த பேட்டரி இன்னும் எத்தனை வருடம் வரும்? செயற்கை நுண்ணறிவு சொல்லிவிடும் என்கிறார்கள். 2019-ல் ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டொயோட்டா ஆய்வாளர்கள் சேர்ந்து, முதல் 100 சுற்றுகளின் (ஒரு முறை ஏற்றி இறக்கினால் ஒரு சுற்று) தகவலை மட்டும் வைத்து 124 செல்களின் ஆயுளைக் கணித்தார்கள். பிழை ஏறக்குறைய 9 சதவீதம்தான். அருமையான வேலை. ஆனால் அந்தச் செல்கள் எல்லாம் ஒரே வகை, ஆய்வுக்கூடத்தில் 30 டிகிரியில் வைத்த பெட்டிக்குள், பிறந்த நாளிலிருந்து பதிவோடு வளர்ந்தவை. உங்கள் பெட்டிக்குள் இருப்பவை யார் யாரோ ஓட்டிய காரில், எந்தெந்த வெயிலிலோ நின்றவை. முதல் 100 சுற்றின் பதிவு யாரிடமும் இல்லை. போதாக்குறைக்கு லித்தியம் பேட்டரிகளின் கொள்ளளவு ஒரு கட்டம் வரை மெல்ல மெல்லக் குறைந்து, திடீரென்று சரிய ஆரம்பிக்கும். அந்தச் சரிவு எப்போது என்பதுதான் எல்லாரையும் திணறடிக்கும் இடம். ‘இன்னும் 8 வருடம் உத்தரவாதமாக வரும் என்று ஏஐ சொல்கிறது’ என்று யாராவது சொன்னால், அந்த உத்தரவாதத்தைத் தன் கையெழுத்தோடு எழுதித் தருவாரா என்று கேளுங்கள்.

சரி, பாஸ்போர்ட்டுக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி ஒழுங்குமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே சந்தைக்கு வரும் ஒவ்வொரு மின்வாகன பேட்டரிக்கும், 2 கிலோவாட் மணிக்கு மேற்பட்ட ஒவ்வொரு தொழில்துறை பேட்டரிக்கும் ஒரு டிஜிட்டல் பாஸ்போர்ட் வேண்டும், அதை க்யூஆர் மூலம் படிக்க முடிய வேண்டும். யார் செய்தது, என்ன வேதியியல், செய்யும்போது எவ்வளவு கார்பன் வெளியேறியது, எத்தனை சதவீதம் மறுசுழற்சிப் பொருள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வால்வோ நிறுவனம் 2024-லேயே தன் இஎக்ஸ் 90 காருக்கு இப்படி ஒன்றை வெளியிட்டது. பழைய பேட்டரியைப் பிரித்து வேறு பயனுக்கு மாற்றினால், மாற்றுபவர் பொறுப்பில் புதிய பாஸ்போர்ட் எடுத்து அதைப் பழையதோடு இணைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. சாட்ஸ்வொர்த் அக்காவின் பெட்டிக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு விதிதான். ஆனால் அது ஐரோப்பாவின் சட்டம். நம் ஊரில் ஒரு பெட்டியின் மேல் க்யூஆர் ஒட்ட ஒரு பிரிண்டர் இருந்தால் போதும். உங்கள் விற்பனையாளர் காட்டுவது அந்த பாஸ்போர்ட் என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற கட்டுப்பாட்டுப் பலகை, ஆரோக்கியத்தைக் கணிக்கத் தேவையான தகவல்களைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். பேட்டரியைச் சட்டப்படி வாங்கியவரோ அவர் சார்பில் வேறொருவரோ அதைப் படிக்க அனுமதிக்க வேண்டும். இது 2024 ஆகஸ்ட் 18-லிருந்தே அங்கே நடைமுறை. இங்கே என் மேசைக்கு வரும் பேட்டரிகளில் பாதிக்கு மேல் தங்கள் கதையைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. எத்தனை முறை சூடேறியது, எத்தனை முறை அதிவேகமாக சார்ஜ் ஆனது, எந்தச் செல் மெலிந்தது என்று எல்லாம் உள்ளே இருக்கிறது. தயாரித்தவர் பூட்டி வைத்திருக்கிறார். காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தப் பூட்டின் சாவி கிடைப்பதில்லை. அந்தத் தகவல் கிடைத்தால் ஒரு வாரச் சோதனையை நான் ஒரு மணி நேரமாகக் குறைப்பேன், நல்ல பேட்டரி ஒன்றுகூட ஆலைக்குள் நசுங்கப் போகாது. எந்த பிளாக்செயினையும் விட அந்தச் சாவிதான் பேட்டரியைக் காப்பாற்றும் என்பது என் கருத்து. இதை நான் எங்கே வாய்ப்புக் கிடைத்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வியில், பல லித்தியம் பேட்டரிகளில் சேரும் உலோகமான கோபால்ட் பற்றியும் ஒரு வரி இருந்தது, குழந்தைகள் தோண்டாத கோபால்ட் என்று க்யூஆர் சொல்வதை நம்பலாமா என்று. உலகத்தின் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் காங்கோவிலிருந்து வருகிறது. அதில் கணிசமான பங்கு, ஒரு டன்னுக்கு மேல் பிடிக்கும் பெரிய பைகளில் பொடியாக, அங்குள்ள சுரங்க நகரமான கொல்வேசி பக்கமிருந்து ஜாம்பியா வழியாக லாரிகளில் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர் பயணம் செய்து நம் டர்பன் துறைமுகத்துக்குத்தான் வந்து சேர்கிறது. பேஹெட் சாலையில் வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள், அவற்றில் சில சுமப்பது இதைத்தான். இங்கிருந்து கப்பலேறி பெரும்பாலும் சீனாவின் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகிறது.

லாரி எங்கே நிற்கிறது, சீல் உடைந்ததா என்று ஜிபிஎஸ்ஸும் மின்னணு முத்திரையும் நன்றாகவே சொல்லிவிடும். சிக்கல் இரண்டு முனைகளில் இருக்கிறது. முதல் முனை, பையில் கொட்டும் இடம். கையால் தோண்டிய தாதுவை, யார் தோண்டியது என்று கேட்காமலே கொல்வேசி பக்கத்துச் சந்தைகளில் வாங்கிக் கலந்துவிடுவதை, மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியின் 2016 அறிக்கையிலிருந்து பலரும் எழுதிவிட்டார்கள். எந்தச் சுரங்கம் என்று பைக்குச் சீட்டு கட்டினால் போதாதா என்றால், காங்கோவின் கிழக்கே தகரத்துக்கும் டான்டலம் என்ற உலோகத்துக்கும் அப்படி ஒரு திட்டம் வருடக்கணக்காக நடக்கிறது. கடத்தி வந்த தாதுவுக்கும் அதே சீட்டு கட்டப்படுகிறது என்று 2022-ல் குளோபல் விட்னஸ் அமைப்பு குற்றம்சாட்டியது. திட்டத்தை நடத்துபவர்கள் அதை மறுத்தார்கள்.

இரண்டாவது முனை, சுத்திகரிப்பு ஆலை. ஆடி மாதம் நம் மாரியம்மன் கோவில்களில் கஞ்சி காய்ச்சுகிறோம் இல்லையா? பத்து வீட்டிலிருந்து மாவு வருகிறது, ஒரே அண்டாவில் கொதிக்கிறது. கஞ்சி ஆன பிறகு, உங்கள் தூக்குவாளியில் இருப்பது யார் வீட்டு மாவு என்று யாரால் சொல்ல முடியும்? கணக்குப்பிள்ளை ஒன்று மட்டும் சொல்லலாம்: இன்னார் வீட்டிலிருந்து ஐந்து கிலோ வந்தது, அதற்கு ஈடாக இத்தனை வாளி கஞ்சி அவர் பெயரில் போனது. சுத்திகரிப்பு ஆலைகளில் பெரும்பாலும் நடப்பது இந்த ஈட்டுக் கணக்குத்தான். அதில் தவறில்லை, அதைத் தெளிவாகச் சொன்னால். ‘இந்த பேட்டரியில் இருக்கும் கோபால்ட் இன்ன சுரங்கத்தில் பிறந்தது’ என்று சொன்னால், அந்த ஆலையில் தனி அண்டா வைத்துக் காய்ச்சினார்களா என்று கேட்க வேண்டும். பல புதிய பேட்டரிகளில் கோபால்ட்டே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை வாங்கினால் இந்தக் கேள்வியே எழாது.

அந்த இரும்பு பாஸ்பேட் வகை வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாததால் மறுசுழற்சிக்காரருக்கு அதில் லாபம் குறைவு. இரண்டு வகையும் கலந்து ஒரே அரவையில் விழுந்தால் பிரிப்பது செலவு. இங்கே பாஸ்போர்ட் நிஜமாகவே உதவும், அரைப்பதற்கு முன்பே என்ன வகை என்று தெரிந்துவிடும். எந்த இடத்தில் எத்தனை திருகு, எந்தப் பசை, எந்த வரிசையில் பிரிப்பது என்ற விவரமும் ஐரோப்பிய பாஸ்போர்ட்டில் இருக்க வேண்டும், பிரிப்பவர்கள் பார்க்கும்படி. பசை போட்டு ஒட்டிய பேட்டரிகளை உளியால் நெம்பிப் பிரித்தவனுக்குத்தான் அந்த ஒரு பக்கத்தின் அருமை தெரியும். இங்கே 12 வோல்ட் லித்தியம் பேட்டரிகள் லெட் ஆசிட் பேட்டரி மாதிரியே கறுப்புப் பெட்டியில் வருகின்றன. பழைய இரும்புக் கடையில் தூக்கிப் போட்டு, அது ஈயம் உருக்கும் உலைக்குப் போனால் வெடிக்கக்கூடும். உள்ளே இருப்பது லித்தியம் என்று சொல்லும் ஒரு லேபிள், உலை முன்னால் நிற்கும் தொழிலாளிக்கு உயிர்ப் பிரச்சனை.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கார்களில் போடும் லெட் ஆசிட் பேட்டரி பல நாடுகளில் கிட்டத்தட்ட முழுதும் திரும்பி வந்துவிடுகிறது. க்யூஆர் கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது. பழையதைக் கொடுத்தால் புதியதில் காசு குறைகிறது, அவ்வளவுதான். அம்பத்தூரில் நான் பார்த்த ஆறு வருடமும் செத்த பேட்டரியைத் தெருவில் எறிந்தவர் எவரும் இல்லை. பதிவேடு மட்டும் பேட்டரியைத் திருப்பிக் கொண்டுவராது. திரும்பக் கொடுப்பவர் கையில் நாலு காசு நிற்க வேண்டும். லித்தியத்துக்கு அந்த ஏற்பாடு நம் ஊரில் இன்னும் சரியாக அமையவில்லை.

இப்போது உங்கள் பெட்டி. ஒவ்வொரு மாட்யூலையும் தனித்தனியாக அளந்த தாளைக் கேளுங்கள். தேதி, வெப்பநிலை, எத்தனை ஆம்பியரில் இறக்கினார்கள், எந்த வோல்டேஜில் நிறுத்தினார்கள் என்பது இருக்க வேண்டும். சராசரியைப் பார்க்காதீர்கள், மிகக் குறைந்த எண்ணைப் பாருங்கள், அதுதான் உங்கள் பேட்டரி. மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், மாட்யூல்களில் இருக்கும் எண்கள் தாளில் இருக்கும் எண்களோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிஎம்எஸ் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் தொலைபேசியில் காட்ட வேண்டும். அப்புறம் அவர் கடையிலேயே முழு சார்ஜில் வைத்து, இன்வெர்ட்டர் வழியாக 1 கிலோவாட் ஹீட்டர் ஒன்றை ஓட விடுங்கள். 7 கிலோவாட் மணி பெட்டியில் 86 சதவீதம் என்றால் 6 கிலோவாட் மணி. இன்வெர்ட்டரில் போகும் இழப்பைக் கழித்தாலும் 5 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட வேண்டும். மூன்றரை மணியில் நின்றால் க்யூஆர் என்ன சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

வாங்கினால், உங்கள் இன்வெர்ட்டர் பழைய லெட் ஆசிட் அமைப்பிலேயே இருக்கக் கூடாது, முதல் வேலையாக அதை மாற்றச் சொல்லுங்கள். படுக்கையறையிலோ வெளியே ஓடும் வழியிலோ பெட்டியை வைக்காதீர்கள், கராஜின் வெளிச்சுவர் நல்லது. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் சிஓசி (மின் வேலை விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் ஏதாவது நடந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் பேச முடியாது. விற்பவர் சோதனைத் தாள் கொடுத்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.